ஒரு லேப்டாப்புக்கு ரெண்டு சொந்தக்காரர்

ஈரத்துண்டைக் காயப் போடுவதற்கு முன் சுருட்டி வைப்பதுபோல, ஒரு பூத்துவாலையில் சுற்றி, மஞ்சள் பைக்குள் திணித்து அந்த லேப்டாப் வந்து சேர்ந்தது. அதைப் பார்த்ததுமே அன்புச்செல்விக்கு மனசில் ஏதோ இடறியது. அப்போது கோயமுத்தூரிலேயே லேப்டாப் வைத்திருந்தவர்கள் கொஞ்சம்தான். மில்லுக்காரர்கள், ஏற்றுமதிக்காரர்கள், வெளிநாட்டில் பிள்ளை இருக்கிற வீட்டார். அவர்கள் அதைத் தோள்பையில் போட்டுக் கைக்குழந்தையைப் போலத் தூக்கி வருவார்கள். துண்டில் சுற்ற மாட்டார்கள்.

கணபதியில், மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டும் அங்கப்பனின் பட்டறைக்கு மேல்மாடியில் இருந்தது அன்புச்செல்வியின் சர்வீஸ் கடை. கீழே வார்னிஷ் வாசம், மேலே பற்றவைக்கும் ஈயத்தின் வாசம். சாயங்கால வெயிலில் படியேறி வந்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயசு இருக்கலாம். பெயர் லோகப்பிரியா, ஊர் வெள்ளகோவில் என்றாள். பஸ்ஸில் வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"ஸ்கிரீன் வர மாட்டீங்குதுங்க அக்கா. ரிப்பேரெல்லாம் பண்ண வேண்டாங்க. உள்ள இருக்கற ஹார்ட் டிஸ்க்கை மட்டும் கழட்டிக் குடுத்தீங்கன்னாப் போதும்."

அன்புச்செல்வி அவளையே பார்த்தாள். இவ்வளவு விலையுள்ள பொருளை வைத்துக்கொண்டு, உடம்பு வேண்டாம், குடலை மட்டும் உருவிக் கொடு என்று யார் கேட்பார்கள்? இரண்டு வருஷத்துக்கு முன்னால் சலவைச் சட்டை போட்ட ஒருவர் கொண்டுவந்த கம்ப்யூட்டரை நம்பிச் சரிபண்ணிக் கொடுத்திருந்தாள். அது ஒரு மில்லிலிருந்து திருடியது என்று பிறகுதான் தெரிந்தது. காலையிலிருந்து விளக்கு வைக்கும் நேரம் வரை போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்ததை அவள் இன்னும் மறக்கவில்லை. கடையைத் திறந்து வைத்திருப்பவள் பெண் என்பதால் அந்த விசாரணையில் வந்த கேள்விகளும் ஒரு தினுசாகத்தான் இருந்தன. அதிலிருந்து யார் வந்தாலும் அவள் முதலில் பொருளைப் பார்ப்பதில்லை, ஆளைத்தான் பார்ப்பாள்.

யாருடையது என்று கேட்டாள். என்னுதுதான் என்று பதில் வந்தது. எண்ணெய் மில்லுகளுக்கு பில் போடுகிற புரோகிராம் எழுதுவதாகச் சொன்னாள். அடாப்டர் எங்கே என்றதற்குத் தொலைந்துபோனது என்றாள். கேள்வி முடிவதற்குள் வந்துவிட்ட பதில் அது. இதற்கு முன்னால் யாராவது திறந்து பார்த்தார்களா என்று கேட்டபோது, இல்லை என்று தலையாட்டினாள். அன்புச்செல்வி லேப்டாப்பைக் கவிழ்த்தாள். திருகாணித் தலைகளில் புதுக் கீறல்கள் பளபளத்தன. ஒரு திருகாணியையே காணோம்.

"வெச்சுட்டுப் போங்க. என்ன கோளாறுன்னு முதல்ல பாக்கோணும். டிஸ்க்கைக் கழட்டறதெல்லாம் அப்புறம்" என்றாள்.

அந்தப் பெண்ணுக்கு அதை விட்டுவிட்டுப் போக மனசே வரவில்லை. படியில் இறங்கிப் பாதியில் நின்று திரும்பிப் பார்த்தாள். காந்திபுரத்தில் சிநேகிதி ஒருத்தியின் ஹாஸ்டலில் தங்கியிருப்பதாகவும் நாளைக்கு வருவதாகவும் சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் காலையில் அன்புச்செல்வி வேலையைத் தொடங்கினாள். தன்னிடம் இருந்த அடாப்டர்களில் ஒன்றை எடுத்து, அதில் எழுதியிருந்த வோல்ட்டும் லேப்டாப்பின் அடியில் எழுதியிருந்த வோல்ட்டும் ஒன்றுதானா என்று பார்த்தாள். அடாப்டரின் பின்னில் எது பிளஸ், எது மைனஸ் என்று மீட்டர் வைத்தும் உறுதி செய்துகொண்டாள். அதைப் பார்க்காமல் அவசரத்தில் சொருகி மதர்போர்டைக் கருக்கிவிட்டு அழுதவர்களை அவளுக்குத் தெரியும். சுவிட்சை அழுத்தியதும் பச்சை விளக்கு எரிந்தது, டிஸ்க் உறுமியது, பீப் சத்தமும் வந்தது. திரை மட்டும் கருங்கல்லாக இருந்தது.

பின்பக்கத்தில் வெளி மானிட்டரைச் சொருகினாள். படம் வந்தது. அப்படியென்றால் போர்டில் கோளாறில்லை. டார்ச் லைட்டைத் திரையின் மேல் சாய்வாக அடித்துக் குனிந்து பார்த்தாள். கிணற்றுக்கு அடியில் தெரிகிற மாதிரி மங்கலாக எழுத்துகள் தெரிந்தன. திரையும் சாகவில்லை, அதற்குப் பின்னால் எரிய வேண்டிய விளக்குதான் எரியவில்லை. அந்த விளக்குக்குக் கரண்டு கொடுக்கிற இன்வெர்ட்டர் என்கிற சின்னப் பட்டை போயிருக்க வேண்டும்.

அதே கம்பெனியின் செத்த லேப்டாப் ஒன்றை உதிரிக்காக வாங்கி வைத்திருந்தாள். அடாப்டரைப் பிடுங்கினாள், பேட்டரியைக் கழற்றினாள், உள்ளே மிச்சமிருக்கும் கரண்டு தீரட்டும் என்று சுவிட்சைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தாள். உடம்பில் தேங்கும் கரண்டு போர்டில் பாயாதபடி மணிக்கட்டில் எர்த் பட்டையைக் கட்டிக்கொண்டாள். திரையின் ஓரத்தில் இருந்த ரப்பர் பொட்டுகளை ஊசியால் நெம்பி, அடியில் ஒளிந்திருந்த திருகாணிகளைக் கழற்றி, ஐஸ் கட்டித் தட்டின் குழிகளில் வரிசை மாறாமல் போட்டாள். எது எங்கிருந்து வந்ததோ அது அங்கேயே போக வேண்டும். நீளத் திருகாணி குட்டையின் இடத்துக்குப் போனால் போர்டைக் குத்திவிடும். பழைய இன்வெர்ட்டரின் ஓரம் கருகியிருந்தது. புதியதைச் சொருகி, சட்டத்தை மூடி, பேட்டரியைப் போட்டு அழுத்தினாள். திரை வெளுத்து, பிறகு நீலமாக எரிந்தது.

ஆனால் மெஷின் அதற்கு மேல் போகவில்லை. தேதி தெரியவில்லை, தொடர எஃப் ஒன் அழுத்து என்று கேட்டு நின்றது. உள்ளே இருக்கும் சின்ன பேட்டரி தீர்ந்தால் இப்படித்தான் ஒவ்வொரு தடவையும் தேதியை மறந்துவிடும். எஃப் ஒன் அழுத்தினாள். அசையவில்லை. அந்தப் பொத்தான் செத்திருந்தது. என்னென்னவோ செய்து பார்த்துவிட்டு, கடைசியில் எஃப் டூ அழுத்தி செட்டப் பக்கத்துக்குள் போய், எஸ்கேப் அழுத்தி வெளியே வந்தபோதுதான் வழிவிட்டது. இந்தக் கோளாறு இன்று நேற்று வந்ததாகத் தெரியவில்லை. தினம் இதில் வேலை செய்கிறவருக்கு இந்தக் குறுக்குவழி கைப்பழக்கமாகியிருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. பேட்டரியையும் பொத்தானையும் மாற்றாமல் அப்படியே வைத்தாள்.

பதினொரு மணிவாக்கில் கீழே பேச்சுச் சத்தம் கேட்டது. அங்கப்பன் ஒருவரிடம் எந்த ஊர், யார் வீடு என்று விசாரித்து, சுற்றி வளைத்து ஒரு சொந்தம் கண்டுபிடித்து, டீயும் வாங்கிக் கொடுத்து மேலே அனுப்பிவைத்தார். வந்தவர் பெயர் பாலகோபால். முப்பது வயசு, அமைதியான குரல். கையில் கறுப்புத் தோள்பை, அதற்குள் லேப்டாப்பின் அடாப்டர்.

தன் ஆபீஸில் டைப் அடித்துக்கொண்டிருந்த பெண் தன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டதாக அவர் சொன்னார். லேப்டாப் ரிப்பேர் பார்க்கும் கடைகள் இந்த ஊரில் எத்தனை இருந்துவிடப் போகின்றன, அதனால்தான் ஒவ்வொன்றாக ஏறி இறங்குகிறேன் என்றார். கேஸ் கீஸ் எதுவும் வேண்டாம், பெண்பிள்ளை, பிழைத்துப் போகட்டும் என்றும் சொன்னார். அன்புச்செல்விக்கு அந்தப் பெருந்தன்மை பிடித்திருந்தது. அடாப்டரின் பின் கச்சிதமாகப் பொருந்தியது. கொடுத்துவிடலாம் என்றே நினைத்தாள். அப்போது அவர் மெதுவாகக் கேட்டார்.

"ஸ்கிரீன் சரியாகலைன்னாலும் பரவால்லீங்க மேடம். டிஸ்க்கை மட்டும் தனியாக் கழட்டிக் குடுத்தர முடியுங்களா?"

அன்புச்செல்விக்கு முதுகுத்தண்டு நிமிர்ந்தது. இவருக்கும் டிஸ்க்தான் வேண்டும்.

திரை சரியாகிவிட்டது, நீங்களே போட்டுப் பாருங்கள் என்று லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பி வைத்தாள். பாலகோபால் சுவிட்சை அழுத்தினார். நீலத்திரை வந்து கேள்வி கேட்டு நின்றது. எஃப் ஒன்னை அழுத்தினார். மறுபடி அழுத்தினார். பிறகு எண்டர், பிறகு கிடைத்ததையெல்லாம்.

"ஸ்கிரீன் போற வரைக்கும் நல்லா ஓடிட்டு இருந்துதுங்க. நீங்க தொறந்து என்னமோ பண்ணிப்போட்டீங்க" என்றார். குரலில் அமைதி போயிருந்தது. உள்ளே இருந்த ஒரிஜினல் சாமான்களை மாற்றியிருக்கிறாளோ என்றுகூடக் கேட்டார்.

அன்புச்செல்வி கோபத்தை அடக்கிக்கொண்டு, மத்தியானம் வாருங்கள், அந்தப் பெண்ணும் வருவாள், இரண்டு பேரும் இருக்கும்போதுதான் கொடுப்பேன் என்று சொல்லிவிட்டாள். அவர் இறங்கிப் போனதும் அங்கப்பன் ஏறி வந்தார். "நல்ல குடும்பத்துப் பையன் அம்மணி. எதுக்கு வம்பு, குடுத்து அனுப்பிச்சுரு" என்றார். நல்ல குடும்பம் என்பதற்கு அவர் வைத்திருந்த சாட்சி ஒரு டம்ளர் டீ நேரப் பேச்சுதான்.

லோகப்பிரியா முன்னதாகவே வந்துவிட்டாள். எரிகிற திரையைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. மெஷின் கேள்வி கேட்டு நின்றபோது, அவள் திரையைப் பார்க்கக்கூட இல்லை. துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டே ஒரு கையால் எஃப் டூ, எஸ்கேப் என்று தட்டினாள். புரோகிராம் திறந்தது. பக்கம் பக்கமாக ஓடிய வரிகளை விரலால் தடவுவதுபோலப் பார்த்தாள்.

அன்புச்செல்விக்குச் சந்தேகம் தீர்ந்துவிட்டது. இவளுடையதுதான். பாலகோபால் வந்தால் நாலு வார்த்தை கேட்டு அனுப்பிவிட வேண்டும் என்று நாக்கைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தாள்.

பாலகோபால் வந்தார். டைப் அடிக்கிற பெண் என்று சொன்னீர்களே, இதை எழுதியது யார் என்று அன்புச்செல்வி கேட்டாள். அவர் தரையைப் பார்த்தார். எழுதியது அவள்தான், ஆனால் ஊர் ஊராகப் போய் மில்லுக்காரர்களிடம் கெஞ்சிக் கூத்தாடி ஏற்க வைத்தது நான் என்றார். அப்புறம் எப்படி இது உங்களுடையது ஆகும் என்று கேட்டு அன்புச்செல்வி திரும்பி லோகப்பிரியாவைப் பார்த்தாள். அவள் நிமிர்ந்து சொல்ல வேண்டிய நேரம் அது. ஆனால் அவள் முகம் வெளிறியிருந்தது.

"பொட்டி அவருதுதானுங்க அக்கா. அவரு வாங்குனது. உள்ள இருக்கறதுதானுங்க என்னுது."

அன்புச்செல்வி அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். நேற்று இவளைச் சந்தேகப்பட்டது சரிதான், இன்று அவரைச் சந்தேகப்பட்டதும் சரிதான். இடையில் ஒரு மணி நேரம் இவளை நம்பியதுதான் தப்பு என்று எரிச்சல் வந்தது.

மெல்ல மெல்ல மிச்சமும் வெளிவந்தது. இரண்டு பேரும் கூட்டாகத் தொடங்கிய தொழில். மேட்டுப்பாளையத்துக் காய்கறி மண்டிக்காரர்களுக்கு இந்தப் புரோகிராமைத் தன் பெயரில் மட்டும் கொடுப்பதாக பாலகோபால் பேசி முடித்திருந்தார். அது லோகப்பிரியா காதுக்கு வந்தது. அந்த வாரம் பார்த்துத் திரையும் போனது. இனி மெஷினே போய்விட்டது, இரண்டு வருஷ வேலையும் போய்விடும் என்று பயந்து, கிடைத்த துண்டில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். டிஸ்க்கை எடுத்துக்கொண்டு வெறும் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தாளாம்.

"பொய் சொல்லித்தான் கேக்கோணுமா?" என்றாள் அன்புச்செல்வி. யாரைக் கேட்டாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

டிஸ்க்கை யாருக்கும் கழற்றித் தர மாட்டேன் என்று அவள் சொன்னாள். இரண்டு பேர் கண் எதிரிலும் புரோகிராமை ஃபிளாப்பியில் எடுப்பேன், ஃபிளாப்பி இவளுக்கு, லேப்டாப் அவருக்கு, அதில் இருக்கிற நகல் அதிலேயே இருக்கட்டும். பாலகோபால் ஒத்துக்கொள்ளவில்லை. அப்படியே எடுத்துப் போவதாக எழுந்தார்.

"எடுத்துட்டுப் போங்க. மண்டியில நாலு பேரு முன்னாடி வெச்சு, எப்படிங்க தொறப்பீங்க?" என்று கேட்டாள் அன்புச்செல்வி.

அவர் மறுபடியும் உட்கார்ந்தார்.

ஃபிளாப்பிகள் ஒவ்வொன்றாகக் கிறீச்சிட்டு நிறைந்தன. அந்த நேரம் முழுக்க பாலகோபால் லோகப்பிரியாவின் கையையும், லோகப்பிரியா பாலகோபாலின் கையையும், அன்புச்செல்வி இரண்டு பேரின் கையையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லாம் முடிந்ததும் லோகப்பிரியா யாரும் கேட்காமலே மெஷினை அணைத்துப் போட்டு, எஃப் டூ, அப்புறம் எஸ்கேப் என்று அவருக்குக் காட்டினாள். அவர் தலையாட்டினார். லேப்டாப்பைக் கவிழ்த்துத் திருகாணிகளைச் சரிபார்த்துவிட்டு, கழற்றிய பழைய பாகம் எங்கே என்று மட்டும் கேட்டார். கருகிய இன்வெர்ட்டரைக் காகித உறையில் போட்டு அன்புச்செல்வி நீட்டினாள். அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் படியிறங்கினார்.

லோகப்பிரியா போகாமல் நின்றாள். திருகாணியைத் தானேதான் திருகிப் பார்த்ததாகச் சொன்னாள், தையல் மெஷின் திருப்புளியை வைத்து. பேட்டரியைக் கழற்றினாயா என்று அன்புச்செல்வி கேட்டாள். இல்லை. அந்த விளக்குப் பட்டையில் ஓடுகிற வோல்டேஜ் எவ்வளவு தெரியுமா, ஈரக்கை பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அப்போதுதான் அன்புச்செல்விக்கு முதன்முதலாகக் குரல் உயர்ந்தது. அந்தப் பெண் அழுதாள்.

கூட்டுத் தொழில் முறிந்துபோக, அடுத்த மாதத்திலிருந்து லோகப்பிரியா அந்த மாடிக்கே வேலைக்கு வந்தாள். கெட்டுப்போன டிஸ்க்கிலிருந்து கணக்குகளை மீட்டெடுக்கும் வேலையில் அவள் கெட்டிக்காரி. ஆனாலும் கடைச் சாவியை அவள் கையில் கொடுக்க அன்புச்செல்விக்குப் பொங்கல் வரை ஆயிற்று. வெள்ளகோவில் பக்கத்து எண்ணெய் மில்லுகள் சில அவளைத் தேடி வந்தன. மேட்டுப்பாளையத்தில் என்ன ஆனது என்று யாரும் விசாரிக்கவில்லை.

பங்குனியில் ஒருநாள் போன் வந்தது. லோகப்பிரியா இருக்காங்களா என்று கேட்ட குரல் பாலகோபாலுடையது. புரோகிராமில் ஒரு மாற்றம் செய்ய வேண்டும், யாராலும் முடியவில்லை என்றார். எதிர் மேஜையில் தலை குனிந்து வேலை செய்துகொண்டிருந்த லோகப்பிரியாவைப் பார்த்துக்கொண்டே, அவள் இங்கே இல்லை என்று சொல்லிவிட்டு அன்புச்செல்வி போனை வைத்தாள்.

யார் என்று லோகப்பிரியா கேட்டாள். ராங் நம்பர் என்று நாக்கு நுனி வரை வந்தது.

"பாலகோபால். நீ இல்லைன்னு சொல்லிப்போட்டேன். பேசறதுன்னா நீயே கூப்பிட்டுப் பேசிக்க, கண்ணு."

லோகப்பிரியா அன்று கூப்பிடவில்லை. வாரக் கடைசியில் கூப்பிட்டாள். அரை மணி நேரம் பேசினாள். அன்புச்செல்வி காதைத் தீட்டிக்கொண்டு, ஒரு வார்த்தையும் கேட்காதவளைப் போல, கையில் இருந்த திருகாணியை இறுக்கிக்கொண்டே இருந்தாள்.