ஐந்து லினக்ஸும் ஒரு விண்ணப்பமும்

பெயிண்ட் கடையில் கலர் கலக்கித் தருவது அவர் வேலை. யார் வந்தாலும் ஒரே உபதேசம்தான்: "கலர் அட்டையைப் பார்த்து முடிவு பண்ணாதீங்க சார். சுவத்துல ஒரு கை அடிச்சு ரெண்டு நாள் பாருங்க." இருபது வருடமாகச் சொல்லிச் சொல்லி அது அவருக்கே ரத்தத்தில் ஊறிப்போயிற்று. வீட்டு லேப்டாப் மூன்று வாரமாகப் படாத பாடு பட்டதற்கு அதுதான் காரணம்.

அதிலிருந்த பழைய விண்டோஸ் மூச்சு வாங்கி, முக்கி முனகி, ஒரு நாள் எழுந்திருக்கவே மாட்டேன் என்று படுத்துவிட்டது. "விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் போடுங்க மாமா, இந்தக் கிழட்டு மெஷினுக்கு அதுதான் லாயக்கு" என்று மனைவியின் தம்பி ஒரே பென்டிரைவில் ஐந்து வகை லினக்ஸை ஏற்றிக் கொடுத்தான். "புதுசா வர்றவங்களுக்கு முதல்ல இருக்கிற மின்ட்டே போதும். மத்ததெல்லாம் சும்மா பார்க்க."

சும்மா பார்க்க! கலர்க்காரரிடம் சொல்லக்கூடிய பேச்சா அது? பென்டிரைவிலிருந்தே ஓட்டலாம், லேப்டாப்பில் எதையும் பதிக்க வேண்டாம் என்று தெரிந்ததும் அவருக்குச் சொர்க்கம் திறந்தது. மின்ட் ஒரு வாரம் ஓடியது. ஒரு குறையும் இல்லை. அதுதான் சந்தேகத்தைக் கிளப்பியது. அடுத்த வாரம் உபுண்டு. பிறகு ஃபெடோரா. வெள்ளிக்கிழமை நாலாவது.

"இன்னுமா போடலை?" என்று போனில் கத்தினான் மச்சினன்.

"அவசரப்படாத மாப்ள. ஒட்டிக்கிட்டா அப்புறம் சுரண்டணும்."

"அது பெயிண்ட் மாமா!"

"எல்லாம் பெயிண்ட்தான்டா."

சனிக்கிழமை வந்தது. மனைவிக்கு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை. அங்கே மேற்பார்வையாளர் பதவி காலி; பதினோரு வருடமாக அவள் கண் வைத்திருந்த பதவி. மாலை ஐந்துக்குள் விண்ணப்பம் மின்னஞ்சலில் போயாக வேண்டும். காலையிலிருந்து லேப்டாப்பில் மூன்று பக்கம் தட்டி, கடைசியாக ஒரு தடவை படித்துவிட்டு அனுப்பலாம் என்று குளிக்கப் போனாள்.

கலர்க்காரருக்குக் கை அரித்தது.

"ஏம்மா, சேவ் பண்ணிட்டியா?"

"பண்ணிட்டேங்க!" என்று குளியலறையிலிருந்து குரல்.

அப்புறமென்ன? லேப்டாப்பை அணைத்து, ஐந்தாவது லினக்ஸில் எழுப்பினார். பளிச்சென்று வந்தது. விண்ணப்பத்தை மட்டும் காணோம். மறுபடி நாலாவதுக்குப் போனார், அங்கேயும் இல்லை. மச்சினனுக்குப் போன் போட்டார்.

"பென்டிரைவ்ல ஓடுறது அணைச்சதும் எல்லாத்தையும் மறந்துடும் மாமா. அக்கா எங்க?"

"குளிக்கிறா."

"அப்ப சட்டையை மாட்டிக்கிட்டு ஓடிடுங்க."

ஓடவில்லை. ஐந்தாவதைத் திரும்ப எழுப்பி வைத்துக்கொண்டு திருதிருவென்று விழித்தபடி உட்கார்ந்திருந்தார். தலையில் துண்டோடு வந்தவளிடம் ஒரே மூச்சில் ஒப்புக்கொண்டார். அவள் கத்தவில்லை, அது இன்னும் பயமாக இருந்தது.

"மணி என்ன?"

"மூணே கால்."

"நான் சொல்றேன். தட்டுங்க."

அவள் சொல்லச் சொல்ல இரண்டு விரலால் தட்டினார். "தினமும் அறுநூறு விரிப்பு…"

"அறுநூறா!"

"தட்டுங்கன்னேன். உலர்த்துற மெஷின் தீப்பிடிச்ச அன்னைக்கு எட்டுப் பேரை வெளியே அனுப்பிட்டு நானே தீயை அணைச்சு… வேணாம், அதை விடுங்க. காலையிலேயும் எழுதலை."

அவர் விரல் நின்றது. "எப்ப? பஸ் கிடைக்கலைன்னு லேட்டா வந்தியே, அன்னைக்கா?"

"உண்மையைச் சொல்லியிருந்தா நீங்க தினமும் ஆஸ்பத்திரி வாசல்ல வந்து நின்னிருப்பீங்க."

அவர் அந்தத் தீ விஷயத்தையே முதல் பத்தியாகத் தட்டினார்.

"தற்பெருமைங்க. அழிங்க."

"இன்னைக்கு அழிச்சது போதும்."

நாலு ஐம்பத்திரண்டுக்கு விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. அவள் நாற்காலியில் சாய்ந்தாள். "இப்ப ஓடுதே, இதையே போட்டுத் தொலைங்க."

"இதைப் பார்த்து ரெண்டு மணி நேரம்கூட ஆகலையேம்மா…"

"பொண்ணு பார்க்க வந்தப்ப, சரின்னு சொல்றதுக்கு முன்னாடி உங்களை நான் எவ்வளவு நேரம் பார்த்தேன்?"

"அரை மணி."

"அதுலயும் பாதி நேரம் எங்க வீட்டுச் சுவரைத்தான் பார்த்துக்கிட்டிருந்தீங்க."

பதிக்கும் பொத்தானை அழுத்தினார். பழையது முழுக்க அழிந்துவிடும், சம்மதமா என்று திரை கேட்டது. இந்தத் தடவை அவளைக் கேட்டுவிட்டு 'ஆம்' என்றார்.