நாலு லிட்டர் மந்தம்

என் கம்ப்யூட்டரிலிருந்து மந்தத்தை இறக்க புதன்கிழமை காலை எட்டு மணிக்கு இருதயராஜ் வந்தார். பெட்டியின் பின்பக்கம் ஒரு திருகைக் கழற்றி, ரப்பர் குழாயைச் செருகி, மறுமுனையை வாளிக்குள் விட்டார். சாம்பல் நிறத்தில், கூழ் பதத்தில் அது இறங்கத் தொடங்கியது.

“ஒம்போது வருஷத்து மந்தம் சார். நாலு லிட்டர் தேறும்” என்றார்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பத்து மணிக்கு தட்கல் திறக்கும். நாளை சாயங்காலம் தாம்பரத்தில் நாகர்கோவில் ரயிலைப் பிடித்தால்தான் வெள்ளிக்கிழமை காலை என் மகளுக்குப் பேர் வைக்க முடியும். பிறந்து இருபத்தெட்டு நாள் ஆகிறது, நான் இன்னும் போட்டோவில்தான் பார்த்திருக்கிறேன். காதில் மூன்று தடவை பேரைச் சொல்ல வேண்டியவன் நான். என்ன பேர் என்று என் மனைவி ரோகிணியிடம்கூடச் சொல்லவில்லை. முதலில் கேட்க வேண்டியது மகள்தானே! தட்கலோ இரண்டே நிமிஷத்தில் தீர்ந்துவிடும். என் கம்ப்யூட்டர் கண் விழிக்கவே பதினோரு நிமிஷம் எடுத்துக்கொண்டிருந்தது.

ஒன்பது மணிக்குக் குழாய் வற்றியது. பட்டனைத் தொடப் போனேன். விரல் படுவதற்குள் திரை வந்து நின்றது! சந்தோஷம் தாங்காமல் கால்குலேட்டர், காலண்டர், சீட்டாட்டம் என்று எல்லாவற்றையும் ஒரு தடவை திறந்து மூடினேன்.

“வாளிய இங்கயே வச்சிக்காதீங்க சார். பக்கத்துல இருந்தாலே திரும்ப ஏறிக்கும். சிங்க்லயும் ஊத்திடாதீங்க, பில்டிங் மொத்தத்துக்கும் தண்ணி மெதுவா வரும். யாராவது மனுஷங்கதான் வாங்கிக்கணும்.”

“வாங்கினவங்களுக்கு ஒண்ணும் ஆகாதே?”

“உடனே ஆகாது. அது வேலை செய்யவே ரெண்டு நாள் எடுத்துக்கும்” என்று சொல்லி, குழாயை மாடிப்படியில் காயப்போட்டுவிட்டு டீ குடிக்கப் போனார்.

இரண்டு எவர்சில்வர் தூக்குகளில் மந்தத்தை நிரப்பினேன். ஒன்றை எதிர்வீட்டு மும்தாஜ் அக்கா வாங்கிக்கொண்டார். “எங்க வீட்டுக்காரர் சோத்த மெல்லாமயே முழுங்குறாரு தம்பி. ரெண்டு கரண்டி குடுத்துப் பாக்குறேன்.” இன்னொன்றை மேல்வீட்டுத் தணிகாசலம் சார் கேட்டு வாங்கினார். ரிடையர் ஆனதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை வந்த வேகத்தில் போய்விடுகிறது என்று அவருக்கு ரொம்ப நாளாகக் குறை. எனக்கு உடம்பே லேசாகிவிட்டது. கம்ப்யூட்டர் முன்னால் வந்து உட்கார்ந்து, கையைத் தேய்த்துக்கொண்டு, பத்து மணிக்காகக் காத்திருந்தேன்.

ஒன்பது ஐம்பதுக்கு அழைப்பு மணி அடித்தது.

மும்தாஜ் அக்கா நின்றிருந்தார். தூக்கைத் தேய்த்துக் கழுவி, விளிம்பு வரை நிரப்பிக் கொண்டு வந்திருந்தார். “வெறும் ஏனத்த எப்படித் தம்பி திருப்பிக் குடுக்கறது? படியில குழாய் காஞ்சிக்கிட்டு இருந்துச்சு. எங்க வாஷிங் மெஷின்லேர்ந்து இறக்கினேன்.”

அவருக்குப் பின்னாலேயே தணிகாசலம் சார். அவர் தூக்கும் தளும்பியது. “இது என் பையன் கல்யாணப் பேச்சை எடுத்தா காட்டுற மந்தம். தூங்கிக்கிட்டு இருந்தான், சுலபமா இறங்கிடுச்சு” என்றார்.

வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? நான் குடிவந்த நாளிலிருந்து இந்த அடுக்ககத்தில் யாரும் யாருக்கும் வெறும் ஏனம் திருப்பியதில்லை. நன்றி சொல்லி வாங்கி மேஜைமேல் வைத்தேன். உடனே திரையில் அந்தப் பாழாய்ப்போன வட்டம் சுற்ற ஆரம்பித்தது.

ஒன்பது ஐம்பத்து நாலு! அவர்களிடமே திரும்பக் கொடுத்தால் இன்னொரு தடவை நிரம்பித்தான் வரும். இருதயராஜோ டீக்கடையிலிருந்து திரும்பவில்லை. இரண்டு தூக்கையும் திறந்து, ஒன்றன்பின் ஒன்றாக மடக் மடக்கென்று குடித்தேன். உப்புக்கூட இல்லை. வட்டம் நின்றது.

பத்து மணி. பேர், வயது, ஊர் எல்லாம் நான் நினைக்க நினைக்கப் பதிந்தன. ஏழாவது விநாடி டிக்கெட் கையில்! பி-2, இருபத்து மூன்று. நான் போட்ட சத்தத்தில் மும்தாஜ் அக்காவும் தணிகாசலம் சாரும் ஓடிவந்து கைதட்டினார்கள். ரோகிணிக்கு போன் செய்தேன். “வந்துருவியளா? நெசமாவா?” என்று அழுதுவிட்டாள்.

ரயில் நேரத்துக்குக் கிளம்பி நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. வெள்ளிக்கிழமை காலை ஆட்டோ என்னைத் தெருமுனையில் இறக்கிவிட்டது. பதினோராவது வீட்டு வாசலில் ரோகிணி குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு நின்றாள். என்னைப் பார்த்ததும் கையை ஆட்டினாள். நான் பையை அப்படியே போட்டுவிட்டு ஓட ஆரம்பித்தேன். இருதயராஜ் சொன்னது சரிதான், இரண்டு நாளில் மந்தம் காலுக்கு வந்திருந்தது.

இரண்டாவது வீட்டைத் தாண்டும்போது குழந்தை தோளிலிருந்து இடுப்புக்கு வந்திருந்தாள். நான்காவது வீட்டருகே அவள் தரையில் நின்றாள். ஆறாவது வீட்டுக்காரர்கள், நான் கடப்பதற்குள், கேட்டுக்கு இரண்டு தடவை பெயிண்ட் மாற்றினார்கள். நான் ஓடிக்கொண்டேதான் இருந்தேன், நெஞ்சு படபடவென்று அடித்தது. எட்டாவது வீட்டருகே, யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு, முதுகில் பையோடு அவளே எதிரே ஓடிவந்தாள். அச்சாக ரோகிணியின் கண்கள்.

“எப்பா, சீக்கிரம் சொல்லுங்க. அட்டெண்டன்ஸ்ல என் பேருக்கு வெறும் கோடுதான் போட்டுருக்காவ. டீச்சர் ஏசுறாவ.”

அவள் காதில் சொல்வதற்காகக் குனிய ஆரம்பித்தேன். பாதி குனிவதற்குள் அவள் காது என் வாய் உயரத்துக்கு வந்துவிட்டது. அதற்குமேல் நான் குனிய வேண்டியிருக்கவில்லை.