எண்பத்தெட்டு மார்க் தூக்கம்

என் வீட்டுக்காரர் ஹாலித் சவூதியில் தமாமிலிருந்து அனுப்பிய சாமான்களிலேயே எனக்குப் பகையாகிப்போனது அந்த வாட்ச்தான். ஊருக்கு வந்த ரூம்காரர் ஒருவரிடம் கொடுத்தனுப்பினார். மணி காட்டும், நடையை எண்ணும், அதற்கு மேல் தூக்கத்துக்கு மார்க் வேறு போடும். என் போனிலும் அவர் போனிலும் ஒரே கணக்கு. நான் எப்படித் தூங்கினேன் என்று எனக்கு முன்னால் அவர் பார்த்துவிடுவார்.

மாமிக்கு, அதாவது ஹாலித்தின் அம்மாவுக்கு, நோன்புக்கு முன்னால் குளியலறையில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்ததிலிருந்து ராத்திரியானால் பயம். பக்கத்தில் படுத்திருக்கும் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டால்தான் கண் மூடுவார். நான் கொஞ்சம் புரண்டால் போதும், திடுக்கிட்டு எழுந்து, இடுப்பு சரியாகிவிட்ட நினைப்பில் இறங்கி நடக்கப் பார்ப்பார். இன்னொரு தடவை விழுந்தால் தாங்காது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதனால் நான் புரளுவதில்லை. கண்ணைத் திறந்துகொண்டு மரக்கட்டை மாதிரி மல்லாந்து கிடப்பேன். வாட்சுக்கு என்ன தெரியும், பாவம்? கை அசையவில்லை, நாடி நிதானமாக ஓடுகிறது, ஆகவே ஆழ்ந்த தூக்கம், எண்பத்தெட்டு மார்க்.

ஹாலித்துக்கு ஒரே சந்தோஷம். குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில், 'ஆபிதா மாஷா அல்லாஹ் நல்லாத் தூங்குறா' என்று போட்டார். இதே ஊரில் பாலக்கரையில் இருக்கும் அவர் தங்கச்சி ஜெஸிமா அதற்குக் கீழே பூப்படம் போட்டாள். வாரத்தில் ரெண்டு ராத்திரி வந்து அம்மா பக்கத்தில் படு என்று அவளிடம் நான் கேட்டிருந்தேன். "மச்சி, நீங்கதான் நல்லாத் தூங்குறீங்களே, அப்புறம் நான் எதுக்கு?" என்றாள். பகலில் தவறாமல் டப்பாவில் கஞ்சி கொண்டுவருவாள். குறை சொல்லக் கூடாது. எனக்குச் சொல்லத்தான் தோன்றுகிறது.

நேற்று மாமிக்கு நைட்டி வாங்கப் பெரிய கடைவீதிக்குப் போனேன். கடைக்காரர் ஒவ்வொன்றாக விரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். நான் நின்றபடியே தூங்கிவிட்டேன். மேசையில் நெற்றி இடித்து விழித்தால், கடையே என்னைப் பார்க்கிறது. விற்பனைக்கு நின்ற பெண் தண்ணீர் கொடுத்து, "முழுகாம இருக்கீங்களாக்கா?" என்று காதோரம் கேட்டாள். வீட்டுக்காரர் ஊருக்கு வந்துபோய் ஒன்றரை வருஷம் ஆகிறது. சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நைட்டியை வாங்காமலே திரும்பிவிட்டேன்.

இன்று காலை ஹாலித் கூப்பிட்டபோது நெற்றி இன்னும் வலித்துக்கொண்டிருந்தது. போனை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன்.

"நேத்தும் நல்ல மார்க் ஆபிதா" என்று ஆரம்பித்தார்.

"அதக் கழட்டி அடுப்புல போட்டுருவேன். நான் தூங்குறதே இல்லைங்க. எத்தன வாட்டி சொல்றது? அது சொன்னா நம்புறீங்க, நான் சொன்னா நம்ப மாட்டீங்களா? உங்க பொண்டாட்டி நானா, அந்த வாட்சா?"

 

"அது தப்பாக் காட்டுதுன்னு எனக்கு மொதல்லயே தெரியும்" என்றார்.

"எப்படித் தெரியும்?"

"ரெண்டு வாங்கினேன். இன்னொண்ணு என் கையில இருக்கு."

பிறகு மெதுவாகச் சொன்னார். ரூமில் அடுக்குக் கட்டில்; மேலே இவர், கீழே ஒரு சமையல்காரர். இவர் புரண்டால் கட்டிலே ஆடும். விடியும் முன்னே வேலைக்குப் போகிற மனுஷன் விழித்துக்கொள்வார். அதனால் இவரும் புரளுவதில்லை. "எனக்குத் தொண்ணூறு காட்டுது. நான் ஒழுங்காத் தூங்கி ரொம்ப நாளாச்சு ஆபிதா" என்றார்.

'அல்ஹம்துலில்லாஹ், நல்லா இருக்கேன்' என்பதைத் தவிர அங்கிருந்து அவர் இதுவரை எதுவும் சொன்னதில்லை. அங்கே போகிற ஆண்கள் எல்லாரும் அப்படித்தான். வீட்டில் இருக்கிற நாமும் அதற்கு மேல் கேட்பதில்லை. எனக்கு அவர்மேல் பாவமாக இருந்தது. அதைவிட ஆத்திரமாக இருந்தது.

"தெரிஞ்சுக்கிட்டேதான் குரூப்புல போட்டீங்களா?"

"உன்னுதாவது நெசமா இருக்கக் கூடாதான்னு நெனச்சேன். பொய்யின்னு ஒத்துக்கிட்டா நான் கெளம்பி வரணும். இப்ப வர முடியாதே."

"நீங்க வர வேணாம். பாலக்கரையில இருக்கிறவ வந்தாப் போதும். அவகிட்ட இத அப்படியே சொல்லுங்க. என்னுத மட்டும் இல்ல, உங்களுதையும் சொல்லுங்க."

"என்னுது எதுக்கு? அம்மா காதுக்குப் போயிரும்."

"சொல்லுங்க" என்று போனை வைத்துவிட்டேன். அவர் பேசி முடிக்கும் முன் நான் வைத்தது இதுவே முதல் தடவை.

மதியம் லுஹர் தொழுது எழுந்தபோது ஜெஸிமா வாசலில் நின்றாள். கஞ்சி டப்பாவைக் காணோம், கையில் தலையணை. கண்கள் சிவந்திருந்தன. "அண்ணன் போன்ல அழுதுச்சு மச்சி" என்றாள். "ராத்திரி நான் இருக்கேன். எப்படிப் படுக்கணும், காட்டுங்க."

மாமிக்குப் பக்கத்தில் அவளைப் படுக்க வைத்து, மாமியின் விரல்களை அவள் மணிக்கட்டில் வைத்தேன். மாமி மகளின் முகத்தைப் பார்த்தார், இறுக்கிப் பிடித்தார், கொஞ்ச நேரத்தில் கண்ணயர்ந்தார். ஜெஸிமா தோளைச் சற்றே நகர்த்தினாள். அவ்வளவுதான், மாமி பதறி எழுந்து காலைக் கீழே போடப் பார்த்தார். நாங்கள் ரெண்டு பேரும் பிடித்துப் படுக்க வைத்தோம். மறுபடி மாமி கண் மூடியதும் ஜெஸிமா விறைத்துப்போய் மேலே பார்த்தபடி கிடந்தாள். மூச்சைக்கூட அடக்கித்தான் விட்டாள்.

"ராத்திரி பூராவா மச்சி?" என்று உதடு மட்டும் அசையக் கேட்டாள்.

"பூராத்தான்" என்றேன்.

இதை ஒருத்தராவது கேட்க மாட்டார்களா என்றுதான் இத்தனை நாளாகக் கிடந்தேன். இப்போது ஒருத்தி கேட்டுவிட்டாள். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. சத்தம் கேட்டால் மாமி விழித்துவிடுவார் என்று சமையலறைக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.