முடி கொட்டாத நாய்

கண்ணைக் கட்டிக்கொண்டதுமே பயிற்சியாளர் குராமோச்சிக்கு உள்ளங்கை வியர்த்துவிட்டது. இருபது வருடமாக பார்வையற்றோருக்கு வழிகாட்ட லாப்ரடார் நாய்களைப் பழக்கியபோது ஒருநாளும் இப்படி ஆனதில்லை. ஆனால் இந்தத் தடவை பழக்கிய சுமி, சுருள்முடி வைத்த கறுப்புப் பூடில் ஜாதி நாய். பார்வையில்லாத ஒரு தாய்க்குப் போகவேண்டிய நாய். அவள் குழந்தைக்கு ஆஸ்துமா என்பதால் முடி கொட்டாத ஜாதிதான் வேண்டும் என்று மேலிடம் சொல்லிவிட்டது.

"பார்லருக்குப் போற நாய்கிட்ட உயிரை ஒப்படைக்கச் சொல்றாங்க" என்று புலம்பியபடியே கண்ணைக் கட்டிக்கொண்டு நாயை மட்டும் நம்பி நடக்கும் கடைசிப் பரீட்சைக்கு நகோயா ரயில் நிலையத்துக்குள் நுழைந்தார். ஆபத்து என்றால் பிடித்து இழுக்க உதவியாளர் நிஷிவாக்கி பின்னாலேயே வருகிறாள். அந்தத் தைரியம்தான்.

படிக்கட்டில் இறங்கிப் பிளாட்பாரத்தில் பத்தடி போனதும் சுமி நின்றுவிட்டது.

"கோ!" என்று உத்தரவிட்டார்.

அசையவில்லை. அவர் கால்களுக்குக் குறுக்கே வந்து நின்றது.

"என்னடி, அலங்காரம் கலைஞ்சிருமா?" என்று அதைச் சுற்றிக்கொண்டு காலை எடுத்து வைத்தார். காலுக்கடியில் தரை இல்லை. சுமி முழு உடம்பாலும் மோதியதில் மல்லாக்க விழுந்தார். அதே நொடியில் ரயிலின் காற்று முகத்தில் அறைந்துகொண்டு போனது.

"நிஷிவாக்கி! பின்னாலயே நின்னுக்கிட்டு ஏன் என்னைப் பிடிக்கல?" என்று கத்தினார்.

பதில் வெகு தூரத்தில், படிக்கட்டின் உச்சியிலிருந்து வந்தது.

"சார், அசையாதீங்க! கூட்டத்துல மாட்டிக்கிட்டேன், இதோ வந்துடறேன்!"

குராமோச்சி அந்தச் சுருள்முடியை இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.