சட்டைப் பையில் ஒரு கிளிப்

“உங்க பல்லு ஏதாச்சும் விழுந்துருச்சா?” என்று கேட்டபடி இசைவாணி உள்ளங்கையை நீட்டினாள்.

துணி ஊறப் போடும் முன் என் சட்டைப் பையைத் துழாவுவது என் மனைவியின் வழக்கம். ஆட்டோ எலக்ட்ரீஷியன் சட்டையில் ஃப்யூஸ், ஸ்க்ரூ, வயர்த் துண்டு என்று ஏதாவது அகப்படும். ஒருமுறை வாஷிங் மெஷினைக் கெடுத்ததும் நான், அதைச் சரிசெய்ததும் நான். அதிலிருந்து இந்தச் சோதனை நடக்கிறது. இன்று அவள் கையில் இருந்தது மஞ்சள் நிறத்தில், கடைவாய்ப் பல் அளவில் ஒரு பிளாஸ்டிக் கிளிப்.

கையிலிருந்த காப்பி டம்ளரைக் கீழே வைத்தேன்.

நேற்றுச் சாயங்காலம் அய்யாவு அண்ணனின் பிக்கப் வண்டிக்கு இடது கதவில், டிரைவர் பக்கத்துப் பட்டனை அமுக்கினால் விழுகிற புதுப் பவர் லாக் மாட்டினேன். கதவின் உள்பக்கக் கைப்பிடியிலிருந்து பூட்டு வரைக்கும் ஒரு கம்பி போகும். கம்பியின் நுனி பூட்டிலுள்ள ஓட்டைக்குள் நுழைந்திருக்கும். அது நழுவாமல் பிடித்துக்கொள்ளத்தான் இந்தக் கிளிப். கிளிப் இல்லாமலும் கம்பி கொஞ்ச நேரம் அங்கேயே இருக்கும், கைப்பிடியை இழுத்தால் கதவும் திறக்கும். வண்டி நாலு பள்ளத்தில் ஏறி இறங்கினால் கம்பி கழன்றுவிடும். அப்புறம் உள்ளே இருப்பவர் எவ்வளவு இழுத்தாலும் கதவு திறக்காது.

அந்தக் கதவுப் பக்கம் உட்காருகிறவர் அய்யாவு அண்ணனின் மனைவி கனகா அக்கா. இருவரும் விடியற்காலையில் நாகப்பட்டினத்தில் மீன் எடுத்து, கூத்தாநல்லூர் மார்க்கெட்டில் விற்கிறவர்கள். பழைய பூட்டு போன மாதமே பைத்தியம் பிடித்து ஆட ஆரம்பித்திருந்தது. ஓடுகிற வண்டியில் டக்கென்று தானாக விழும், பட்டனை அழுத்தினாலும் விடாது. ஒருநாள் அக்கா உள்ளே மாட்டிக்கொண்டு, முட்டி வலியோடு கியர் கம்பியைத் தாண்டி டிரைவர் பக்கமாக இறங்க வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து பஸ்ஸில்தான் வந்துகொண்டிருந்தார்.

“கடல்ல விழுந்தாக்கூட நீந்திருவேன் தம்பி. பூட்டுன பொட்டிக்குள்ள நீந்த முடியுமா? போற வழியெல்லாம் ஓரத்துல தண்ணி” என்று நேற்று என்னிடம் சொன்னார். வேலை முடிந்ததும் வண்டியைத் தள்ளி நின்று பார்த்துவிட்டு, “நீங்க ஏறுங்கன்னு சொன்னா ஏறுறேன்” என்றார்.

ஒன்பது தடவை கைப்பிடியை இழுத்துக் காட்டினேன். ஒன்பது தடவையும் பூட்டு விட்டது. “தைரியமா ஏறுங்கக்கா” என்றேன்.

கிளிப்பை உதட்டில் கவ்விக்கொண்டு வேலை செய்வது என் கெட்ட பழக்கம். நடுவில் அய்யாவு அண்ணன், “இன்னும் எவ்வளவு நேரம் ஆவும் தம்பி?” என்று கேட்டார். பதில் சொல்ல அதை வாயிலிருந்து எடுத்துப் பையில் போட்டிருக்கிறேன். அவ்வளவுதான் நடந்தது.

இத்தனைக்கும் நான் சந்தேகப் பிராணி. கேஸ் அணைத்தோமா என்று மூன்று முறை எழுந்து பார்ப்பேன். கடை பூட்டியது நினைவில்லாமல் பாதி வழியில் திரும்புவேன். இசைவாணி என்னைக் கேலி செய்யாத நாளில்லை. நிஜமாகவே ஒன்றை மறந்த அன்று பார்த்து நிம்மதியாகக் குறட்டை விட்டுத் தூங்கியிருக்கிறேன்.

“நின்னுகிட்டே இருந்தா? போன் பண்ணுங்க” என்றாள் அவள்.

பண்ணினேன். அண்ணன் எடுக்கவில்லை. வண்டி ஓட்டும்போது எடுக்க மாட்டார். நல்ல மனுஷன், நல்ல பழக்கம். இன்றைக்கு அந்த நல்ல பழக்கத்தின் மேல் எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. அக்காவின் நம்பர் என்னிடம் இல்லை. மணி ஏழரை. இந்நேரம் திருவாரூரைத் தாண்டியிருப்பார்கள். குழாய் பதிக்க மெயின் ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்ததால் எல்லா வண்டியும் வாய்க்கால் கரை வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

கிளிப்பைச் சட்டைப் பையில் போட்டு, டூல்ஸ் பையை ஸ்கூட்டரில் மாட்டிக்கொண்டு திருவாரூர்ப் பக்கம் கிளம்பினேன்.

கரைப் பாதை முழுக்கப் பள்ளம். ஒவ்வொரு பள்ளத்திலும் ஸ்கூட்டர் தூக்கிப் போட, இதில்தான் கம்பி கழன்றிருக்கும், இல்லை இதில்தான் என்று நினைத்துக்கொண்டே போனேன். வலப்பக்கம் வாய்க்கால் கரை தொட்டு ஓடியது. குறுவைச் சாகுபடிக்கு முழுசாகத் திறந்துவிட்ட தண்ணீர். மற்ற நாளாக இருந்தால் நின்று பார்த்திருப்பேன், இன்று பார்க்கவே பயமாக இருந்தது. மறுபடி மறுபடி போன் அடித்தேன். மணி அடித்து அடித்து நின்றது. கதவு திறக்காமலே போகட்டும், திறக்க வேண்டிய தேவை மட்டும் வராமலிருக்கட்டும் என்று தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டேன்.

மதகைத் தாண்டியதும் கூட்டம் தெரிந்தது.

வெள்ளைப் பிக்கப் வாய்க்கால் பக்கமாகச் சாய்ந்து நின்றது. கரை மண் சரிந்து, இடது சக்கரம் இரண்டும் இறங்கியிருந்தன. வண்டியின் பின்தொட்டி ஒரு பூவரச மரத்தில் முட்டுக்கொடுத்து நிற்க, மீன் பெட்டி இரண்டு சரிவில் உருண்டு கிடந்தது. ஸ்கூட்டரை ஸ்டாண்ட் போடாமல் அப்படியே கீழே போட்டுவிட்டு, திறந்திருந்த டிரைவர் கதவு வழியாக எட்டிப் பார்த்தேன். இடது சீட்டில் யாரும் இல்லை.

“வாய்யா தம்பி, வா!” என்று பின்னாலிருந்து அய்யாவு அண்ணன் குரல் கேட்டது. வந்த வேகத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டார். “நீதான்யா கனகா உசுரக் காப்பாத்துன.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்லிக்கொண்டே போனார். “எதுத்தாப்புல மினி பஸ்ஸு வந்தான். நான் ஓரங்கட்டுனேன், கரை உள்வாங்கிருச்சு. வண்டி சாயுது, இவ பயத்துல கதவத் தெறந்து குதிக்கப் பாக்குறா. இழுக்குறா இழுக்குறா, கதவு தெறக்கல. அடுத்த நிமிஷம் இவ குதிக்கப் பாத்த எடத்துலயே வண்டி உக்காந்துருச்சு. குதிச்சிருந்தா அடியில போயிருப்பா. அந்த ஆட்டம் ஆடியும் விடலயே, என்னா லாக்கு போட்டுருக்க!”

வண்டியை இழுக்க டிராக்டர் கொண்டுவந்திருந்த அப்துல் வஹாப் பாய் என்னை மேலும் கீழும் பார்த்தார். “கடை எங்க தம்பி? நம்ம வண்டிக்கும் அதே மாதிரி ஒண்ணு போட்டுருங்க” என்றார்.

நான் சிரித்து வைத்தேன். வெட்கமாக இருந்தது. கூடவே, வாயைத் திறக்காமல் இருந்துவிட்டால் என்ன என்றும் தோன்றியது. யாருக்கும் எதுவும் ஆகவில்லை, சத்தமில்லாமல் கிளிப்பை மாட்டிவிட்டுப் போய்விடலாம். டிராக்டர் கயிறு கட்டி வண்டியைப் பாதைக்கு இழுத்து ஏற்றும் வரை அந்த எண்ணத்தோடுதான் நின்றேன்.

கனகா அக்கா கொஞ்சம் தள்ளி, கவிழ்த்துப் போட்ட மீன் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தார். முழங்கையில் சிராய்ப்பு. என்னையே பார்த்துக்கொண்டிருந்தவர், “நீங்க எப்புடி தம்பி இங்க வந்தீங்க?” என்று கேட்டார்.

அத்தனை பேரில் அதைக் கேட்டது அவர் ஒருவர்தான்.

பையிலிருந்து கிளிப்பை எடுத்து அவர் முன்னால் நீட்டினேன். “இது கதவுக்குள்ள இருக்கணும்க்கா. நேத்து மாட்ட மறந்துட்டேன். இது இல்லாததால உள்ள கம்பி கழண்டுருக்கு. அதான் கதவு தெறக்கல. என் தப்புக்கா.”

அய்யாவு அண்ணனின் சிரிப்பு நின்றது. “சரி விடு கனகா, அதுவும் நல்லதாத்தான் போச்சு” என்றார்.

“என்ன நல்லது?” அக்கா எழுந்துவிட்டார். “அந்த மரம் இல்லாம வண்டி தண்ணிக்குள்ள போயிருந்தா? இதே கைப்பிடிய இழுத்துக்கிட்டுல்ல கெடந்துருப்பேன்? ஏறுங்கன்னு இவரு சொன்னாருன்னுதானே ஏறுனேன்?”

வஹாப் பாய் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு டிராக்டர் பக்கம் போய்விட்டார்.

வெளிக் கைப்பிடிக்குக் கம்பி வேறு, அதனால் கதவை வெளியிலிருந்து திறந்தேன். ஸ்க்ரூக்களைக் கழற்றி, உள் அட்டையை எடுத்து, பிளாஸ்டிக் தாளைப் பிரித்தேன். நான் நினைத்தபடியே கம்பி பூட்டை விட்டு நழுவித் தொங்கிக்கொண்டிருந்தது. கிளிப்பை இந்தத் தடவை வாயில் வைக்கவில்லை. கம்பியை ஓட்டைக்குள் விட்டுக் கிளிப்பை அழுத்தினேன், ‘டிக்’ என்று சின்னதாக ஒரு சத்தம். கம்பியைப் பிடித்து உலுக்கினேன். அசையவில்லை. எல்லாவற்றையும் பழையபடி மாட்டிவிட்டு, “ஒருதடவ இழுத்துப் பாருங்கக்கா” என்றேன்.

“நான் பாக்குறது இருக்கட்டும். நீ ஏறு” என்றார்.

ஏறி இடது சீட்டில் உட்கார்ந்தேன். அக்கா கதவை ஓங்கிச் சாத்தினார். “அந்தப் பட்டன அமுக்குங்க” என்று அண்ணனிடம் சொல்ல, டக்கென்று பூட்டு விழுந்தது.

உள்ளே மீன் வாடையும் வெக்கையும் மூச்சை அடைத்தன. ஜன்னலுக்கு வெளியே, சரிந்த கரையும் அதற்கு அடுத்தாற்போல் தண்ணீரும் தெரிந்தன. அப்போதுதான் எனக்கு உறைத்தது. நேற்று ஒன்பது தடவை இழுத்தேனே, ஒன்பதும் கதவைத் திறந்து வைத்து, வெளியே பத்திரமாக நின்றபடி இழுத்தது. சாத்திய கதவுக்குள் நான் இப்போதுதான் முதல் தடவையாக உட்கார்ந்திருக்கிறேன். பூட்டின் குமிழைத் தூக்கிவிட்டுக் கைப்பிடியைப் பிடித்தேன். உள்ளங்கை வியர்த்து வழுக்கியது. பயந்தேன், பொய் சொல்லவில்லை.

இழுத்தேன். கதவு திறந்தது. இறங்கினேன்.

“இன்னொரு தடவ ஏறு” என்றார் அக்கா.

ஏறினேன். சாத்தினார். பூட்டினார்கள். திறந்து இறங்கினேன். மறுபடி ஏறச் சொன்னார். அண்ணன் பட்டனை அழுத்திக்கொண்டே இருந்தார். நான் மனதுக்குள் எண்ணிக்கொண்டு வந்தேன்.

ஒன்பதாவது தடவை இறங்கியதும் அக்கா என்னை ஒதுக்கிவிட்டுத் தானே ஏறி உட்கார்ந்தார், கதவையும் தானே சாத்திக்கொண்டார். “வண்டிய எடுங்க, மீனு கெட்டுரும்” என்றார் அண்ணனிடம்.

வண்டி கிளம்பியது. கேபின் பின்கண்ணாடி வழியாக, கதவை நோக்கி நீண்டிருந்த அவர் கை தெரிந்தது. மதகு வளைவில் வண்டி மறையும் வரை அந்தக் கை கைப்பிடியை விடவே இல்லை.