இரண்டாவது வாளி

பழனிவேல் தன் தம்பியின் இரண்டு பற்களை உடைத்தது போன பங்குனியில். குன்னம் பக்கத்தில் பாகப்பிரிவினை என்றால் ஏதாவது உடையத்தான் செய்யும். பல்லோடு போனது மலிவுதான் என்றது ஊர். கிணறு அண்ணன் பங்குக்கு வந்தது. தம்பி நல்லதம்பியின் போர்வெல் அந்தக் கோடையிலேயே வறண்டது. "என் கெணத்துத் தண்ணிய எந்தக் கை அவனுக்குக் குடுக்குதோ, அந்தக் கைய வெட்டுவேன்" என்று பழனிவேல் அம்மன் கோயில் வாசலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்திருந்தான்.

கொடுத்த கை அவன் மனைவி புஷ்பவல்லியுடையது. நல்லதம்பிக்கு வாழ்க்கைப்பட்டவள் அவளுடைய சொந்தத் தங்கை அமிர்தவல்லி. தங்கையின் வெங்காயம் தாளோடு காய்வதைப் பார்க்கச் சகிக்காமல், புருஷன் திருச்சி மார்க்கெட்டுக்குப் போயிருந்த நாளில், வீட்டுக்கு வரும் பைப்பிலிருந்து வரப்புக்கடியில் ஒரு கிளை பிரித்து விட்டிருந்தாள். அதை மூடும் வால்வு தங்கை பக்கம் இருந்தது.

தண்ணீருக்கு ஃபில்டர் கேட்டதும் அவளேதான். கிணற்றுத் தண்ணீரில் வடித்த சோறெல்லாம் துருநிறம். தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துப் பார்த்துவிட்டு விலை சொல்வார்கள் என்று நினைத்திருந்தாள். பெரம்பலூர் ஃபில்டர் கடையிலிருந்து வந்த திருமுருகனோ வாளி கேட்டான்.

"தண்ணி வர்ற வேகத்துக்குத் தக்கன ஃபில்டர் டேங்க்குங்க. சின்னதா வச்சா துரு அப்படியே தாண்டி வந்துரும். பெருசா வச்சா உள்ள கழுவித் தள்ள வேகம் பத்தாது, அடைச்சுக்கும்."

"தண்ணி பைப்பப் பிச்சுக்கிட்டு வரும் தம்பி" என்றான் பழனிவேல்.

"எல்லாரும் அப்படித்தாங்க சொல்றாங்க. பொண்ணு கேக்கப் போனா சம்பளம், ஃபில்டர் போடப் போனா மோட்டார் வேகம், ரெண்டையும் நான் நம்புறதில்ல. கெணத்துல ஒரு வாளி, வூட்டுல ஒரு வாளி பிடிச்சுப் பாத்துருவேன்."

புஷ்பவல்லி குறுக்கே வந்தாள். "எதுக்குங்க இந்த வெயில்ல? ஏதோ ஒன்ன வச்சுட்டுப் போவட்டுமே."

ஒரு கொத்துக் கொசுறு கறிவேப்பிலைக்காகச் சந்தையையே நிறுத்தி வைப்பவள். பழனிவேல் அவளை ஒரு மாதிரி பார்த்தான். "ஏதோ ஒன்னுன்னா பெருசத்தான் தலையில கட்டுவான். அளக்கட்டும்."

அவள் கொல்லைக்கு ஓடி, வால்வை மூடச் சொல்லத் தங்கைக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. களை வெட்டப் போனவள் போனை வீட்டில் விட்டுவிட்டுப் போயிருந்தாள்.

கிணற்றடியில் வாளி பத்து நொடியில் நிரம்பியது. பழனிவேல் மீசையைத் தடவினான். வீட்டில் பிடித்த இரண்டாவது வாளிக்கு இருபது நொடி. திருமுருகன் கொட்டிவிட்டு மறுபடி பிடித்தான். அதே இருபது.

"பாதித் தண்ணி வழியில எங்கயோ போவுதுங்க. பைப்பு ஒடஞ்சிருக்கும்" என்றான் அந்த வெள்ளந்தி.

பழனிவேல் மண்வெட்டியோடு பைப் போன வழியே நடந்தான். எங்கேயும் ஈரமில்லை. ஆனால் வரப்புக்கு அப்பால், காய்ந்து கிடந்த காட்டில் ஒரே ஒரு வெங்காய வயல் மட்டும் பச்சைப் பசேல் என்று நின்றது.

ஓங்கி வெட்டினான். பைப் பிளந்து தண்ணீர் பீறிட்டது. சத்தம் கேட்டு நல்லதம்பி கடப்பாரையோடு ஓடி வந்தான்.

"திருட்டு நாயே!" என்று பாய்ந்தான் பழனிவேல்.

"எவன்டா நாயி? அப்பன் வெட்டுன கெணறுடா!"

முதல் வெட்டில் தம்பியின் காது பாதி தொங்கியது. கடப்பாரை அண்ணனின் முழங்காலில் இறங்கியது. இருவரும் சேற்றில் உருண்டார்கள். பழனிவேல் மேலே வந்து, தம்பியின் பிடரியை மிதித்து முகத்தைத் தண்ணீருக்குள் அமுக்கினான். "குடிடா! ஆசை தீரக் குடி!" அமிர்தவல்லி ஓடி வந்து அவன் தோளைக் கடித்தாள். அவன் அசையவில்லை. நல்லதம்பியின் கால்கள் உதைப்பதை நிறுத்தத் தொடங்கின.

"விடுங்க! பைப்பு போட்டது நானு!" என்று கத்தினாள், திருமுருகனோடு ஓடி வந்த புஷ்பவல்லி.

பழனிவேல் காலை எடுத்தான். மண்வெட்டியைத் தேடி எடுத்தான். "எந்தக் கை?"

அவள் வலது கையை வரப்பின் மேல் வைத்தாள். "சோறு போடுற கைதான். வெட்டுங்க."

மண்வெட்டி உயர்ந்தது. பின்னாலிருந்து நல்லதம்பி, இருமிக்கொண்டே, கடப்பாரையை வீசினான். பழனிவேலின் மணிக்கட்டு முறிந்த சத்தம் திருமுருகனுக்குக் கேட்டது. கோணலாக விழுந்த மண்வெட்டி புஷ்பவல்லியின் சுண்டுவிரல் நுனியைக் கொண்டுபோனது.

பழனிவேல் கையைப் பிடித்துக்கொண்டு சேற்றில் உட்கார்ந்துவிட்டான். புஷ்பவல்லி முந்தானையால் விரலை இறுக்கிச் சுற்றினாள். முகம் வெளுத்திருந்தது, குரல் மட்டும் சந்தைக் குரல்.

"வெட்டுவேன்னு சொன்னீங்க, வெட்டியாச்சு. கையக் கேட்டீங்க, விரல்ல முடிஞ்சுது. அம்மன் கணக்குல சத்தியம் தீந்துபோச்சு. இனிமே தண்ணி என் இஷ்டம்."

பழனிவேல் முனகினான். மண்வெட்டியை ஓங்க அவனுக்குக் கையில்லை.

அவள் திருமுருகன் பக்கம் திரும்பினாள்.

"தம்பி, முதல்ல ஆஸ்பத்திரிக்கு வண்டி சொல்லுங்க. அப்புறம் ஃபில்டர். அந்த ரெண்டாவது வாளி அளவுக்கே வைங்க. வூட்டுக்கு இனிமே அவ்வளவுதான் வரும்."