டிரம்மரின் இருமல்

வில்ஃபின் இசைத்தட்டை அவன் வீட்டுச் சமையலறைத் தொட்டியில் கழுவிக்கொண்டிருந்தேன். ஞாயிறு மதியச் சாப்பாடு முடிந்து, மாட்டிறைச்சியும் கிரேவியும் வயிற்றில் கனத்துக் கிடந்த நேரம். இரண்டாம் பக்கத்தில் ஊசி குதிக்கிறது என்று ஒரு மாதமாகப் புலம்பிக்கொண்டிருந்தான். வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு சொட்டு சோப்பு, லேபிள் நனையாமல் நடுவில் உள்ளங்கை. ஹடர்ஸ்ஃபீல்டு சந்தையில் முப்பது வருஷமாகப் பழைய தட்டு விற்கிறவனுக்கு இது பல் தேய்க்கிற மாதிரி.

"மச்சான், பாத்துக் கழுவு. ரெண்டாவது பதிப்புதானேன்னு கீழ போட்டுடாத," என்று வில்ஃப் முன்னறையிலிருந்து கத்தினான்.

"போட்டா என்னடா, சந்தைல கூடை கூடையா கெடக்கு."

"ஆரம்பிச்சிட்டாங்கப்பா," என்றபடி என் தங்கை ஈனிட் துண்டோடு வந்தாள். அவள்தான் வில்ஃபின் மனைவி.

கிரே ஹெரன் குழுவின் அந்த ஆல்பம் வந்த அன்றே கடை வாசலில் நின்று நான் வாங்கிவிட்டேன். வில்ஃப் சம்பளம் வரட்டும் என்று மூன்று வாரம் கழித்து வாங்கினான். கடைசிப் பாட்டு அடங்கியதும் டிரம்மர் இருமுவது அதற்குள் கம்பெனிக்குத் தெரிந்துபோய், இருமலை நீக்கி மறுபடி அச்சடித்திருந்தார்கள். இருமல் இருந்தால் முதல் பதிப்பு. இன்றைக்கு அதற்காக ஊர் ஊராக அலைகிறார்கள். முதல் பதிப்பின் அட்டையில் பாட்டுப் பெயர்கள் சிவப்பில் இருக்கும். வில்ஃபின் அட்டையில் கறுப்பு.

கல்யாணமான புதிதில் அவன் திடீரென்று தன் தட்டிலும் இருமல் கேட்கிறது என்றான். "அது கீறல்டா. கல்யாணம் காதைக் கெடுத்துடுச்சு," என்றேன். பப்பில் 'இருமல் வில்ஃப்' என்று பெயரே வைத்துவிட்டேன். ஐம்பது வருஷமாக அந்தப் பாட்டு முடிகிற இடத்தில் அவன் விரலைத் தூக்குவான். நான் சிரித்துக் கூச்சல் போட்டு எதையும் கேட்கவிடாமல் செய்துவிடுவேன்.

கழுவிய தட்டை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்தேன். பாட்டு முடிந்து லேபிள் தொடங்கும் முன் இருக்கிற வெற்று வளையத்தில் ஓர் எண் கீறியிருப்பார்கள். இரண்டாவது பதிப்பென்றால் அது 2 என்று முடியும். இது 1 என்று முடிந்தது. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். 1 தான்.

அட்டையை நம்பாதே, எண்ணைப் பார் என்று சந்தையில் எத்தனை பேரைத் திட்டியிருக்கிறேன்! வில்ஃபுக்கு மட்டும் அட்டையைப் பார்த்தே தீர்ப்புச் சொல்லியிருக்கிறேன். என்னுடையதையும் அவன் கல்யாணத்துக்குப் பிறகு நான் உறையை விட்டு எடுக்கவே இல்லை. தேய்ந்துவிடும் என்று, கேட்பதற்கு வேறொன்று வாங்கிக்கொண்டேன்.

"ஈனிட், ஒங்க கல்யாணத்தன்னிக்கு நாங்க கொண்டுவந்த தட்டையெல்லாம் யாரு உறையில போட்டா?"

"நாந்தான். நீங்க ரெண்டு பேரும் மேஜை மேல ஏறிப் பாடிட்டிருந்தீங்களே. ஏன்ணே?"

"ஒண்ணுமில்ல."

அன்றைக்கே உறை மாறியிருக்கிறது. கையிலிருந்தது என்னுடைய தட்டு. எனக்கு அது வேண்டும் என்று இருந்தது, அதை மறைப்பானேன். கேட்டால் வில்ஃப் அந்த நிமிஷமே தூக்கிக் கொடுத்துவிடுவான். வாயை மூடிக்கொண்டால் என் மானமாவது மிஞ்சும்.

ஈரத்தை ஒற்றி எடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஊசி குதிக்கவில்லை. கடைசிப் பாட்டு மெல்ல அடங்கியது. வில்ஃப் வழக்கம்போல விரலைத் தூக்கினான். என்னைப் பார்த்ததும் பாதியிலேயே இறக்கிக்கொண்டான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நான் சிரிக்கவில்லை. கரகரப்புக்கு நடுவே ஒரு சின்ன வறட்டு இருமல் கேட்டது.

"இருமல்தான்டா வில்ஃப். எண்ணைப் பாத்தேன். முதல் பதிப்பு. நாந்தான் முட்டாள்."

அவன் அட்டையை எடுத்து அந்தக் கறுப்பு எழுத்துகளைப் பார்த்தான்.

"அப்ப ஒன்னோடது, மச்சான்?"

"அது வீட்ல இருக்கு. நல்லாத்தான் இருக்கு."

வாசலில் நின்ற ஈனிட் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டாள். வில்ஃப் அவளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பிறகு ஊசியைத் தூக்கி, பாட்டு முடிவதற்குக் கொஞ்சம் முன்னால் வைத்துவிட்டு விரலைத் தூக்கினான். நானும் தூக்கினேன்.